மீன்கறிக்காக பஸ்ஸில் போனவள்

செவிலியர் தினத்துக்கு மலர் போடுகிறோம், ஒரு கட்டுரை தர வேண்டும் என்று ஷீபா போனில் கேட்டாள். நான் ஓய்வு பெற்ற ஆஸ்பத்திரியில் இப்போது அவள்தான் ஹெட் நர்ஸ். "அக்கா, இந்தத் தொண்டுக்கு நீங்க எப்பிடி வந்தீங்கன்னு எழுதணும். படிக்குற பிள்ளைகளுக்கு ஒரு உத்வேகம் வரணும்" என்றாள். போன வருஷத்து மலரை எடுத்துப் புரட்டினேன். எழுதிய எல்லோருக்கும் சின்ன வயதிலேயே உள்ளத்தில் ஓர் அழைப்பு கேட்டிருக்கிறது. எனக்கு அப்படி எதுவும் கேட்கவில்லை. எனக்குக் கேட்டதெல்லாம் திற்பரப்பிலிருந்து மார்த்தாண்டம் போகும் முதல் பஸ்ஸின் ஹாரன்தான்.

இப்போது நான் இருக்கும் மணவாளக்குறிச்சியில், எங்கள் தெருமுனைக்கே நர்சிங் காலேஜ் பஸ் வருகிறது. பிள்ளைகள் காதில் எதையோ மாட்டிக்கொண்டு ஏறி, உட்கார்ந்த உடனே தூங்குகிறார்கள். போன மாதம் அடுத்த வீட்டுக்காரி என்னிடம் வந்து, "அக்கா, மகளுக்கு நர்சிங் கிடைச்சிருக்கு. விடுதியில விடட்டா, பஸ்ஸில போய் வரட்டா?" என்று கேட்டாள். "விடுதியில மீன் உண்டுமா?" என்று நான் திருப்பிக் கேட்டேன். வயசானால் இப்படித்தான் ஆகும் என்பதுபோல என்னைப் பார்த்துவிட்டுப் போனாள். நான் தெளிவாகத்தான் கேட்டேன். அந்தக் கேள்வியை வைத்துத்தான் எங்கள் வீட்டில் இந்த விஷயம் முடிவானது.

எங்கள் வீடு திற்பரப்பு அருவிக்கு மேற்கே, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில் இருந்தது. அப்பா பெயர் தங்கையன். பிறத்தியார் தோட்டத்தில் ரப்பர் மரத்துக்குப் பால் வெட்டுகிற வேலை. வெயில் ஏறிவிட்டால் மரம் பால் சுரக்காது. அதனால் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டோடு கிளம்பிவிடுவார். நான் ஒரே பிள்ளை.

அம்மாவுக்கு வலிப்பு உண்டு. இதை எழுதும்போது இந்த வயதிலும் கை ஒருமுறை நிற்கிறது. எங்கள் வீட்டில் அந்த வார்த்தையைச் சொல்லவே மாட்டோம். "அம்மைக்கு ஒரு மயக்கம்" என்பார் அப்பா, அதையும் கதவைச் சாத்திவிட்டு. வெளியே தெரிந்தால் எனக்கு மாப்பிள்ளை வராது என்பது அவர்கள் இருவரும் எழுதாமல் போட்டுக்கொண்ட சட்டம். தாய்க்கு இருந்தால் மகளுக்கும் வரும், மகளுக்கு வந்தால் பேரப்பிள்ளைக்கும் வரும் என்று ஊரில் எல்லோருமே டாக்டர்கள்.

அந்த வலிப்பும் ஒரு நேரம் பார்த்துத்தான் வரும். விடியும்போது, அம்மா விழித்தெழுந்து கொஞ்ச நேரத்துக்குள். அப்பா தோட்டத்தில் இருப்பார். அம்மா அடுப்பு மூட்டவோ கிணற்றில் நீர் இறைக்கவோ போவாள். அந்த நேரத்துக்கு வீட்டில் ஒரு ஆள் வேண்டும், அந்த ஆள் நான்தான். விழுந்தால் பிடித்து ஒருக்களித்துப் படுக்க வைப்பேன், வாய்நுரை வெளியே வடிய விடுவேன், முடிகிறவரை பக்கத்தில் இருப்பேன். யாரும் சொல்லித்தந்ததில்லை. ஒருமுறை மல்லாக்கக் கிடந்து மூச்சுத் திணறியதைப் பார்த்துப் பயந்து புரட்டிப் போட்டேன். மூச்சு வந்தது. அதிலிருந்து அப்படியே செய்வேன்.

இந்த நிலைமையில் எனக்கு நாகர்கோவிலில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியின் நர்சிங் பள்ளியில் இடம் கிடைத்தது. மாணவிகள் எல்லோரும் விடுதியில்தான் தங்க வேண்டும். வீட்டிலிருந்து போவதென்றால் மார்த்தாண்டத்துக்கு ஒரு பஸ், அங்கிருந்து நாகர்கோவிலுக்கு இன்னொரு பஸ், திரும்பி வர அதே பாடு.

"நீ விடுதிக்குப் போ மக்களே" என்றாள் அம்மா. "எனக்கு இது நேத்து வந்ததா? விழுவேன், எந்திப்பேன். எனக்க சீக்கைச் சொல்லி உனக்க படிப்பைக் கெடுக்காத."

"அடுப்பில விழுந்தா எந்திப்பியா?" என்று கேட்டேன்.

அப்பா விரலில் ஒட்டியிருந்த ரப்பர் பாலை உருட்டி உருட்டி எடுத்துக்கொண்டிருந்தார். பேச வேண்டாத நேரத்தில் அவர் செய்கிற வேலை அது. நான்தான் சொன்னேன், பஸ்ஸில் போகிறேன் என்று. அன்றைக்கு எனக்கு விடுதி மேல் எவ்வளவு ஆசை என்று அந்த இருவருக்கும் தெரியாது. சொந்தமாக ஒரு கட்டில், அலாரம் வைத்து எழும்பி, எழும்பிய பிறகும் கொஞ்சம் படுத்துக் கிடக்கலாம். அதை நினைத்துக் கொஞ்சம் அழவும் செய்தேன். பிறகு முகம் கழுவிவிட்டு வந்து பஸ்ஸில் போகிறேன் என்றேன்.

மிஷன் பள்ளி என்பதால் சபையிலிருந்து ஒரு சிபாரிசு வேண்டும். அதற்காகச் சபை மூப்பர் வீட்டுக்கு வந்தார். நல்ல மனுஷன். ஊரில் யார் வீட்டில் என்ன நடந்தாலும் கர்த்தருக்கு அடுத்தபடியாகத் தனக்குத் தெரிய வேண்டும் என்று நினைக்கிறவர்.

"தங்கையா, பெண்ணு விடுதிக்குப் போவல்லியாமே. கேட்டது நேரா?"

"ஆமா மூப்பரே."

"விடியக்காலம் ஒரு கொமரு தனியா பஸ்ஸுக்கு நிக்கதா? கொள்ளாமே, நல்ல காரியம்தான். விடுதின்னா வேலி உண்டு, வார்டன் உண்டு, ஜெபம் உண்டு. என்னத்துக்கு வேண்டாங்குற?"

அப்பாவுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. கொஞ்ச நேரம் முழித்தார். உள்ளே அம்மா மரச்சீனிக் கிழங்குக்குத் தொட்டுக்கொள்ளக் கருவாடு சுட்டுக்கொண்டிருந்தாள். அந்த மணம் வந்து அப்பாவைக் காப்பாற்றியது.

"விடுதியில மீன் கிடையாது" என்றார்.

மூப்பர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஒரு நாளும் கிடையாதா?"

"வாரத்தில என்னமோ ரெண்டு நாளாம்."

மூப்பர் கண்ணை மூடி யோசித்தார். வேலி, வார்டன், ஜெபம் மூன்றையும் ஒரு தட்டிலும் மீனை இன்னொரு தட்டிலும் வைத்துப் பார்த்திருப்பார். "அது போதாதே" என்றார் கடைசியில். "வளருற பிள்ள." சிபாரிசு எழுதிக் கொடுத்து, என் போக்குக்கும் வரவுக்கும் ஜெபித்துவிட்டு, கருவாட்டையும் ருசி பார்த்துவிட்டுப் போனார். வேறு எந்தக் காரணம் சொல்லியிருந்தாலும் இந்தக் கன்னியாகுமரி மாவட்டத்தில் அதற்கு எதிர்வாதம் இருந்திருக்கும். மீனுக்குக் கிடையாது.

இதில் ஒரு சின்ன சங்கடம். எனக்கு மீன் பிடிக்காது. அதன் வாடையே ஆகாது.

ஒருமுறை சொன்ன காரணத்தை மாற்ற முடியாதல்லவா? நேர்முகத்திலும் அப்பா அதையே சொன்னார். கேட்டவர் ரோஸ்லின் சிஸ்டர், பள்ளியின் டியூட்டர். ஒல்லியான, நிமிர்ந்த பெண். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதே இல்லை. சந்தோஷமாக இருந்தால் எங்களை "நீ" என்பார். கோபம் வந்தால் "நீங்க" என்பார். "நீங்க கொஞ்சம் இங்க வாங்க" என்று கூப்பிட்டால் அந்தப் பெண் போகும் வழியிலேயே செய்த தப்பையெல்லாம் எண்ணத் தொடங்குவாள்.

"எங்க விடுதியில செவ்வாயும் சனியும் மீன் உண்டே" என்றார் சிஸ்டர்.

"இவளுக்கு தெனமும் வேணும்" என்றார் அப்பா, தரையைப் பார்த்துக்கொண்டு.

சிஸ்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். தினமும் மீன் தின்று வளர்ந்த உடம்பாக அது தெரிந்திருக்காது. ஆனால் மதிப்பெண் இருந்தது, சிபாரிசு இருந்தது. "சரி. காலையில வார்டுக்குப் போறதுக்கு முன்னாடி சாப்பல்ல ஒரு பாட்டு உண்டு. பாட்டு முடியறதுக்குள்ள வந்தா உள்ள. ஒரு நாள் பிந்தினாலும் விடுதிக்கு வரணும், இல்லன்னா இடத்தை விட்டுக் கொடுக்கணும். சம்மதமா?" என்றார். எனக்கு முன்னால் அப்பா சம்மதித்துவிட்டார்.

படித்த காலத்தை நீட்டி எழுத ஒன்றுமில்லை. பாதிக்கு மேல் பஸ்ஸில் போனது. அம்மாவை இருட்டோடு எழுப்பி, அந்த நேரம் கழிந்த பிறகே முதல் பஸ்ஸுக்கு ஓடுவேன். முதல் பஸ்ஸில் மனிதர்களைவிட வாழைக்குலைகள் அதிகம். மார்த்தாண்டம் சந்தைக்குப் போகிற குலைகள். அன்று வெட்டியது என்றால் காம்பிலிருந்து பால் சொட்டும், வெள்ளைத் துணியில் பட்டால் கறை அந்தத் துணியோடுதான் போகும். அதனால் தாவணியில் போய், ஆஸ்பத்திரியில் வைத்து யூனிபார்ம் மாற்றிக்கொள்வேன். என் யூனிபார்மில் வேறொரு சிக்கல். வீட்டில் ரப்பர் ஷீட் உலர்த்துகிற கொடியிலேயே அதையும் காயப்போடுவோம். சிஸ்டர் எங்கள் நகத்தைப் பார்த்துக்கொண்டே வருவார், என் பக்கத்தில் வந்ததும் மூக்கு ஒருமுறை சுருங்கும். "நேத்து என்ன மீன்?" என்று கேட்பார். "சாளை சிஸ்டர்" என்பேன். மறுநாள் "அயலை" என்பேன். அவருக்கு ரப்பர் வாடைக்கும் மீன் வாடைக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன். அவருக்கு நன்றாகத் தெரியும் என்பது பிறகுதான் புரிந்தது.

விடுதிப் பிள்ளைகள் நல்லவர்கள். செவ்வாயும் சனியும் மத்தியானம் ஆளுக்கொரு துண்டு மீனை எனக்காக எடுத்து வைப்பார்கள். "பாவம், மீனுக்காக அம்புட்டுத் தூரம் போயிட்டு வருது." சிஸ்டர் பார்த்துக்கொண்டிருக்க நான் அத்தனையையும் தின்ன வேண்டும். அந்தப் பள்ளியில் நான் பட்ட கஷ்டங்களில் பெரியது எது என்று யாராவது கேட்டால், பஸ் என்று சொல்ல மாட்டேன்.

ரோஸ்லின் சிஸ்டர் கட்டில் விரிக்கச் சொல்லித்தந்ததை மட்டும் எழுதியே ஆக வேண்டும். விரிப்பின் நடுமடிப்பு கட்டிலின் நடுக்கோட்டில் விழ வேண்டும். தலைமாட்டை முதலில் செருகி, மூலையை உறைபோல மடித்து, கால்மாட்டுக்கு வந்து இழுத்துச் செருக வேண்டும். தலையணை உறையின் திறந்த வாய் வாசலைப் பார்க்கக் கூடாது. முடித்ததும் அவர் உள்ளங்கையால் விரிப்பை ஒரு தடவு தடவுவார். ஒரு சுருக்கம் தட்டுப்பட்டால் முழுவதையும் உருவிக் கையில் தருவார். "இன்னொரு தடவை" என்பார், அவ்வளவுதான். எத்தனை தடவை உருவினாலும் அதே குரல். கிடப்பில் இருக்கிற நோயாளியின் முதுகில் புண் வெடிப்பது அந்த ஒரு சுருக்கத்தில்தான் என்று நான்காவதோ ஐந்தாவதோ தடவை சொல்வார். எதையும் நாங்கள் கேட்கிற நிலைமைக்கு வந்த பிறகு சொல்வது அவர் வழக்கம்.

இனி ஒரு கேஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெண்கள் வார்டில் குளச்சல் பக்கத்திலிருந்து ஒரு இளம்பெண் காய்ச்சலோடு வந்து படுத்திருந்தாள். கல்யாணமாகிக் கொஞ்ச நாள்தான், தாலிச் சரட்டில் மஞ்சள் போகவில்லை. பக்கத்தில் மாமியார், புருஷன், அவளுடைய அப்பா. நான் அடுத்த கட்டிலில் விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தேன். திடீரென்று அந்தப் பெண்ணுக்குக் கழுத்து ஒருபக்கம் திரும்பி, கை முறுக்கி, வலிப்பு வந்துவிட்டது. யாரோ "இரும்பு குடு, இரும்பு குடு" என்றார்கள். மாமியார் மடியிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து அவள் கையில் திணித்தாள். புருஷன் காலை அமுக்கிப் பிடித்தான். இன்னொருத்தி பல்லுக்கு நடுவே கரண்டியை நுழைக்கப் பார்த்தாள்.

ஸ்டாஃப் நர்ஸ் வார்டின் அந்தக் கோடியில் இருந்தார். அவரைக் கூப்பிட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அது என் வீட்டு விடிகாலை. கரண்டியைப் பிடுங்கிப் போட்டேன். சாவியை எடுத்து என் பையில் போட்டேன். புருஷனைக் காலை விடச் சொன்னேன். அவளை ஒருக்களித்துப் புரட்டி, தலைக்குக் கீழே மடித்த விரிப்பை வைத்து, கழுத்தில் துணியைத் தளர்த்திவிட்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். அடங்கியது. வாயைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தால் கட்டிலின் கால்மாட்டில் ரோஸ்லின் சிஸ்டர் நிற்கிறார்.

"எவ்வளவு நேரம் இருந்தது?"

சொன்னேன்.

"இந்தப் பாடம் உங்களுக்கு இன்னும் எடுக்கலியே. எங்க படிச்சீங்க?"

"நீங்க" வந்துவிட்டது. கையிலிருந்த துணியை மடிக்கத் தொடங்கினேன். "பஸ்ஸில ஒருத்தருக்கு வந்தது சிஸ்டர். பாத்திருக்கேன்."

"ஓ, பஸ்ஸில" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை.

கேஸ் அதோடு முடியவில்லை. மாமியார் அந்தப் பெண்ணின் அப்பாவைப் பார்த்து, வார்டே கேட்கும்படி பேசினாள். "தெரிஞ்சே மறைச்சுக் கெட்டி வச்சிருக்கியரே. உம்ம பெண்ணை நீரே வச்சுக்கிடும். எங்க வீட்டுக்கு இந்தச் சீக்கு வேண்டாம்." காய்ச்சலில் வந்த வலிப்பாக இருக்கலாம், முன்னால் வந்ததே இல்லை என்று அந்த மனுஷன் கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னார். யார் கேட்டார்கள்? சாயங்கால பஸ்ஸுக்கு மாமியாரும் புருஷனும் போய்விட்டார்கள். போவதற்கு முன் அந்த அம்மாள் என்னிடம் திரும்பி வந்தாள். மருமகளைப் பற்றி ஏதோ கேட்கப்போகிறாள் என்று நினைத்தேன். "சிஸ்டரே, பீரோ சாவி உங்க கையில இல்லியா?" என்றாள். கொடுத்துவிட்டேன்.

அன்று திரும்பும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் எனக்கு உட்கார மனமில்லை. அப்பா கதவைச் சாத்துவது, அம்மாவின் பயம், எல்லாவற்றுக்கும் இதுதான் அர்த்தமா என்று நினைத்துக் கம்பியைப் பிடித்தபடி நின்றேன். இனி உயிரே போனாலும் மீன் கதையை மாற்றுவதில்லை என்று முடிவு செய்தேன்.

மாற்ற வேண்டிய நாள் சீக்கிரமே வந்தது. ஒரு காலை, நான் பையை எடுத்துத் தோளில் போடுகிற நேரம், அடுக்களையில் பாத்திரம் விழுகிற சத்தம். ஓடினேன். நல்ல வேளை, அடுப்பு மூட்டவில்லை. எல்லாம் முடிந்து அம்மா கண் விழித்து என்னைப் பார்த்தாள். "பஸ்ஸு போச்சா மக்களே?" என்பதுதான் முதல் பேச்சு. போய்விட்டது. அடுத்த பஸ்ஸில் ஏறி நாகர்கோவிலுக்கு வந்து சேரும்போது சாப்பலில் பாட்டு முடிந்து, ஜெபமும் முடிந்து, பிள்ளைகள் வார்டுக்குப் போயிருந்தார்கள். வாசலில் சிஸ்டர் மட்டும் நின்றார்.

"நேத்து என்ன மீன்?" என்றார்.

ஒரு மீன் பெயரும் எனக்கு ஞாபகம் வரவில்லை. இந்தக் கடற்கரை மாவட்டத்தில் பிறந்தவளுக்கு ஒரு மீன் பெயர் கூட வரவில்லை. அழுதுவிட்டேன். சத்தமில்லாமல் அழத் தெரியாத வயது, ஏங்கி ஏங்கி அழுதேன்.

சிஸ்டர் என்னைத் துணி அடுக்குகிற அறைக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார். எங்கள் அப்பாவைப் போலவே. "லீலா, பஸ்ஸில வலிப்பு வந்த ஆளு ஒண்ணு பறஞ்சியே" என்றார். சிஸ்டரின் வாயில் எங்கள் ஊர்ப் பேச்சு வந்து நான் கேட்டது அன்றுதான். "அவங்களை வியாழக்கிழமை ஓ.பி.க்குக் கூட்டிட்டு வா. அன்னைக்கு இந்தச் சீக்குக்குன்னே ஒரு டாக்டர் வர்றார். யாருக்க ஆளுன்னு நானும் கேக்கல்ல, அவரும் கேக்க மாட்டார். தினசரி ஒரு சின்ன மாத்திரை. பெரும்பாலும் கட்டுப்படும்."

"அவங்க வருவாங்களான்னு தெரியல்ல சிஸ்டர்" என்றேன்.

"மீன்கறி வச்சுக் குடுத்துக் கூப்பிடு" என்றார், சிரிக்காமல். "இப்ப மூஞ்சியைக் கழுவிட்டு ஸ்லூயிஸ் ரூமுக்குப் போ. பிந்தினது பிந்தினதுதான். இன்னைக்கு வார்டு பெட்பேன் முழுக்க நீதான் கழுவணும்." விடுதியைப் பற்றியோ இடத்தைப் பற்றியோ அவர் பேசவில்லை. அன்றைக்குப் பெட்பேன் கழுவினதுபோல ஒரு சந்தோஷமான வேலை என் சர்வீசில் பிறகு கிடைத்ததில்லை.

அம்மா வந்தாள். சபையில் கேட்டவர்களிடம் "மகளைப் பாக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டு, வாழைக்குலைகளுக்கு நடுவே ஜன்னலோரம் பிடித்து உட்கார்ந்து வந்தாள். முதலில் மாதம் பலமுறை, பிறகு மாதம் ஒருமுறை. வேப்பமரத்தடியில் ஓ.பி. பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். டாக்டர் பார்த்து முடித்த பிறகும் எழுந்து வர மாட்டாள். நான் வார்டு ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். யாரோ ஒரு பெண்ணோடு பேசிச் சிரித்துக்கொண்டிருப்பாள், அந்தப் பெண்ணின் முதுகு மட்டும் தெரியும். வீட்டில் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. மாத்திரை வேலை செய்தது. விடிகாலைகள் சும்மா விடியத் தொடங்கின.

சரி, இனி விடுதிக்குப் போகலாமே என்று எனக்கு ஆசை திரும்பி வந்தது. சிஸ்டரும் கட்டில் காலியாக இருக்கிறது என்றார். அதற்குள் எங்கள் மூப்பர் ஒரு காரியம் செய்துவிட்டார். ஞாயிறு ஆராதனையில் எழுந்து, பட்டணத்து விடுதியை வெறுத்து, தாய் தகப்பன் நிழலை விட்டுப் பிரியாமல் தினமும் போய்வருகிற ஒரு பெண்பிள்ளை நம் சபையில் உண்டு என்று சாட்சி சொன்னார். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அதன் பிறகு விடுதிக்குப் போனால் பஸ்ஸில் என்னமோ நடந்திருக்கு என்று அடுத்த ஞாயிறுக்குள் கதை கட்டிவிடுவார்கள். பஸ் வேண்டும் என்ற நாளில் பஸ்ஸுக்கு எதிராகப் பேசியவர், வேண்டாம் என்ற நாளில் என்னைப் பஸ்ஸிலேயே கட்டிப்போட்டார். படிப்பு முடிகிறவரை பஸ்ஸிலேயே போனேன். சாளை, அயலை, நெத்திலி என்று சிஸ்டரிடம் பொய்யும் சொன்னேன். அவரும் தவறாமல் கேட்டார்.

பிறகு வேலை, இடமாற்றங்கள். ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் வலிப்பு வந்த யாரோ ஒருவர் கையிலிருந்து சாவியைப் பிடுங்கியிருக்கிறேன். சொந்தக்காரர்கள் பதறிப்போய் நோயாளியை மறந்து சாவியைத் தேடுவார்கள். வீட்டுச் சாவி, கடைச் சாவி, ஒருமுறை சர்ச் உண்டியல் சாவி. எதையும் தொலைத்ததில்லை.

எனக்குச் சம்பந்தம் பேசி வந்தது அம்மாதான். மாப்பிள்ளைக்கு மணவாளக்குறிச்சி, மணல் ஆலையில் வேலை. "அம்புட்டுத் தூரத்து ஆளுகளை நீ எப்பிடி அறிவே?" என்று கேட்டேன். "சபைக் கன்வென்ஷனில வச்சுப் பழக்கம்" என்றாள். பெண் பார்க்க வந்த அன்று இரண்டு அம்மாக்களும் ஒருவரை ஒருவர் ஏறிட்டுப் பார்க்கவில்லை. பழக்கம் என்றாளே, இவ்வளவு ஒட்டாமல் இருக்கிறார்களே என்று எனக்குக் கவலையாகக்கூட இருந்தது. கல்யாணமாகிப் போன முதல் நாளே மாமியார் பெரிய சட்டியில் மீன்குழம்பு வைத்துக் காத்திருந்தார். "தெனமும் மீன் வேணும்னு கேள்விப்பட்டேன் மோளே. இங்க கடல் பக்கம்தானே, ஒரு குறையும் வராது." குறையே வரவில்லை. கடைசிவரை தினமும் வைத்தார்.

கல்யாணமாகிக் கொஞ்ச நாளில் கடுகு எடுக்க டப்பாவைத் திறந்தேன். கடுகுக்குள் ஒரு காகிதப் பொட்டலம். உள்ளே அம்மா சாப்பிடும் அதே சின்ன மாத்திரை. நர்ஸின் கண்ணுக்கு அடையாளம் தெரியாதா? "இது என்ன அத்தே?" என்று கேட்டேன். "சத்து மாத்திரை மோளே" என்றார், முகத்தைத் திருப்பிக்கொண்டு. நானும் விட்டுவிட்டேன். புருஷனிடம்கூடக் கேட்கவில்லை. மறைத்துக் கட்டிக்கொடுக்கிறோமே என்று என் வீட்டார் பயந்து பயந்து பெண் கொடுத்த வீட்டில், அவர்களும் மறைத்துத்தான் பெண் எடுத்திருக்கிறார்கள். சிரிப்பு வந்தது. கொஞ்சம் கோபமும் வந்தது. அந்த வார்டில் கைகூப்பி நின்ற குளச்சல் பெண்ணின் அப்பா முகம் வந்தது. அதற்குப் பிறகு கோபம் இல்லை.

அப்பா காலமான பிறகு அம்மாவும் எங்களோடு வந்துவிட்டாள். இரண்டு பேரும் ஒரே வீட்டில் வருஷக்கணக்காக இருந்தார்கள். சாப்பிட்டு முடித்ததும் ஒருத்தி அடுக்களைக்குப் போவாள், இன்னொருத்தி படுக்கிற முறி பக்கம் போவாள். "என்னதாக்கும் குடிக்குறியோ?" என்று இவள் கேட்பாள். "சத்து மாத்திரை. நீங்க?" என்பாள் அவள். "இதும் சத்து மாத்திரைதான்." நடுவில் நான் இரண்டு தம்ளர் தண்ணீரோடு நிற்பேன். இவளுடையது அவளுக்குத் தெரியக் கூடாது, அவளுடையது இவளுக்குத் தெரியக் கூடாது. ஆஸ்பத்திரியில் பெரிய பெரிய மனிதர்களின் ரகசியங்களைக் காத்திருக்கிறேன். இந்த இரண்டு ரகசியங்களைக் காக்கப் பட்ட பாடுபோல எதற்கும் பட்டதில்லை.

மாமியார் போய்ச் சேர்ந்து சில வருஷங்கள் ஆகின்றன. அம்மா இருக்கிறாள், காது மட்டும் கொஞ்சம் மந்தம். இந்தக் கட்டுரைக்காக அவளிடம் சம்மதம் கேட்கப் போனேன். அவள் சீக்கைப் பற்றி எழுதட்டுமா என்று காதருகில் சொல்லிக் கேட்டேன்.

"எழுது மக்களே" என்றாள். "இனி எனக்கு யாரு மாப்பிள்ள பாக்க வரப்போறா? ஆனா உனக்க மாமியாருக்க காரியத்தை ஆலோசிச்சு எழுது. அவ செத்தாலும் அவளுக்கு மானம் உண்டு."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அத்தைக்க காரியம் உனக்கு எப்பிடித் தெரியும்?"

"நல்ல கேள்வி. அந்த வேப்பமரத்து மூட்டில பெஞ்சில நீங்கி எனக்கு எடம் தந்ததே அவதானே. எனக்கு முன்னாடியே மருந்து எடுக்க வந்தவ. உன்னைப் பெண்ணு கேட்டதும் அங்க வச்சுத்தான். ரெண்டு வீட்டிலயும் உண்டு, ஒருத்திய ஒருத்தி குத்திக்காட்ட முடியாதேன்னு அவதான் பறஞ்சா. மீன் காரியமும் நான்தான் பறஞ்சேன். உனக்க அப்பன் பறஞ்ச கள்ளம். அதை மாத்துனா மத்த கள்ளமும் சேந்து வெளிய வருமேன்னு மாத்தல்ல."

"அப்போ இத்தன வருஷம் எங்கிட்ட ஏன் சொல்லல்ல?"

அம்மா என்னைப் பாவம்போலப் பார்த்தாள். "நீ நர்ஸு இல்லியா மக்களே. நர்ஸுமாரு வாயில ஒண்ணும் நிக்காது, ஆஸ்பத்திரி முழுக்கப் பரத்திருவான்னு அவளுக்கு பயம். உனக்குத் தெரியாம இருக்கணும்னுதான் நாங்க ரெண்டு பேரும் டப்பா டப்பாவா ஒளிச்சு வச்சோம்."

சாப்பாடு முடிந்த நேரம். எழுந்து போய் மாத்திரையையும் ஒரு தம்ளர் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தேன். அம்மா வாங்கி உள்ளங்கையில் வைத்து, என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"சத்து மாத்திரைதானே?" என்றாள்.

"ஆமாம்மா" என்றேன்.